பாண்டி ‘ப’வும் பஜார் ‘ப’வும்

ஒன்றுபோல ஒலிக்கும் ஆங்கில எழுத்துகளைப் பிரித்துச் சொல்வது எப்படி? வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மேற்கு மாம்பலத்தைச் சேர்ந்த ஆங்கில ஆசிரியை பதில் தருகிறார். பள்ளியில் தொடங்கி, கால் சென்டர் ஊழியர்களுக்குக் குரல் பயிற்சி கொடுப்பதுவரை இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலை எனக்கு. மாத்திரையைச் சொல்லும் ‘பில்’லை நான் சொன்னால், அவர்கள் பணம் கட்டும் ‘பில்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் காதுக்கு நான் சரியாகச் சொல்வதாகவே படுகிறது. டீம் லீடர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். எங்கே தவறுகிறேன்?
வாசகர், வியாசர்பாடி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதே இரண்டு சொற்கள் என்னையும் ஒரு காலத்தில் படுத்தியிருக்கின்றன.

2002-ல் நான் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தபாலில் மருந்து அனுப்பும் பிரிவு. ஓர் இரவு, வயதான ஒரு அம்மாவிடம் மாத்திரை வந்து சேர்ந்ததா என்று கேட்டேன். “ஓ, வந்ததே, போன வாரமே கட்டிவிட்டேன்” என்றார். ‘கட்டிவிட்டேன்’ என்ற சொல்லில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த அழைப்பு காத்திருந்தது. ‘வந்து சேர்ந்தது’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பத்து நாள் கழித்து அவருடைய மகள் அழைத்தார். மாத்திரை போகவே இல்லை. நான் அப்படிக் குறித்துவிட்டதால் யாரும் தேடவும் இல்லை. அந்த அம்மா ரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் பத்து நாள் இருந்திருக்கிறார். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, உச்சரிப்பைச் சரிசெய்யச் சொல்லி ஒரு சொற்பட்டியலைக் கையில் கொடுத்தார். வாயில் எதை மாற்ற வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது.

இந்தப் பத்திரிகையில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துதான் அச்சாகும். அதனால் ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். ‘பாண்டி பஜார்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் இரண்டாவது ‘ப’வும் ஒன்றல்ல. பஜார் என்னும்போது தொண்டையில் ஓர் அதிர்வு இருக்கும், பாண்டியில் இருக்காது. ஹோட்டலில் பூரியும் போண்டாவும் கேட்கும்போதும் அப்படித்தான். யாரும் உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சென்னையில் வளர்ந்த நாக்குக்கு இது தானாகவே தெரியும். ஆகவே மாத்திரைக்குப் பாண்டி ப, பணம் கட்டும் பில்லுக்குப் பஜார் ப.

அப்படியானால் ஏன் குழப்பம்? ஆங்கிலேயரோ அமெரிக்கரோ சொல்லின் தொடக்கத்தில் பாண்டி ப சொல்லும்போது, உதடு திறந்ததும் ஒரு மூச்சு குபுக்கென்று வெளியே வரும். நம் தமிழ் ப-வில் அந்த மூச்சு இல்லை. அவர்கள் காது அந்த மூச்சை வைத்துத்தான் இது எந்த ப என்று முடிவு செய்கிறது. மூச்சு வராவிட்டால் அது பஜார் ப என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சொன்னது குறையில்லாத தமிழ் ப. அவர் காதில் விழுந்தது இன்னொன்று. உங்கள் காது உங்களிடம் பொய் சொல்லவில்லை.

இன்று வேலைக்குப் போகும்போது வாங்கும் பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் நுனியை இரண்டு விரலால் பிடித்து, உதட்டுக்கு முன்னால் இரண்டு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். ‘பம்பரம்’ என்று சொல்லுங்கள். டிக்கெட் லேசாக அசையும், அவ்வளவுதான். இப்போது மாத்திரை பில்லைச் சொல்லுங்கள். டிக்கெட் எம்பிப் பறக்க வேண்டும். பறக்காவிட்டால், சூடான பாலை ஊதுவதுபோல உதட்டைத் திறந்த கையோடு காற்றை விடுங்கள். முதல் இரண்டு நாள் இது நாடகம் போடுவதுபோல இருக்கும், இருக்கட்டும். பணம் கட்டும் பில்லைச் சொல்லும்போது டிக்கெட் அசையாமல் தொங்க வேண்டும்.

பத்து என்ற எண்ணுக்கான ‘டென்’னுக்கும் சிங்கத்தின் குகையான ‘டென்’னுக்கும், மழைக்குப் போடும் ‘கோட்’டுக்கும் ஆடு என்று பொருள்படும் ‘கோட்’டுக்கும் இதே கதைதான். இரண்டு இணையிலும் முதலில் சொன்னதற்கு மூச்சு உண்டு, அடுத்ததற்குக் கிடையாது. ஆனால் எல்லா இடத்திலும் ஊதிக்கொண்டிருக்கக் கூடாது. ‘ஸ்பின்’, ‘ஸ்டாப்’, ‘ஸ்கூல்’ என்று முன்னால் ஸ் வந்துவிட்டால் மூச்சு வராது, அங்கே நம் தமிழ் ஒலியே போதும். ‘பேப்பர்’ என்ற ஒரே சொல்லில் முதல் ப நன்றாக ஊதும், இரண்டாவது பெரும்பாலும் ஊதாது.

பஜார் ப வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பி, கம்பு, அன்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தமிழில் மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் தானாக அதிரும். அதனால் உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே திறந்து ‘ம்ம்பில்’ என்று சொல்லுங்கள். பிறகு அந்த முனகலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வெளியே கேட்காமல் தொண்டையில் கை வைத்தால் மட்டும் தெரியும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்களோடு வேலை செய்யும் யாரையாவது, இந்த இரண்டு பில்லையும் மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, மாத்திரை என்றால் ஒரு விரல், ரசீது என்றால் இரண்டு விரல் காட்டுங்கள். பத்தில் எட்டு சரியாக வரும்வரை வாயைப் பழக்கிப் பயனில்லை. கேட்கத் தெரியாத வித்தியாசத்தைச் சொல்லிப் பழகுபவர் தவறைத்தான் மனப்பாடம் செய்வார். அப்புறம், ஒரே ஆளின் குரலில் மட்டும் கேட்காதீர்கள். ஜப்பானியர்களுக்கு ர, ல இரண்டும் ஒன்றாகக் கேட்கும். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களுக்குப் பல பேர் குரலில் அந்தச் சொல் இணைகளைக் கேட்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். காது தேறியது, 1991-ல் முதல் அறிக்கை வந்தது. அப்படிக் கேட்டுப் பழகியவர்களின் பேச்சும் திருந்தியதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ர, ல, ள, ழ என்று பிரித்துக் கேட்கும் நமக்கு அவர்கள் சிக்கல் விளங்கவே விளங்காது. நம் சிக்கல் அவர்களுக்கும் அப்படித்தான்.

கேம்பஸ் இன்டர்வியூவில் ‘வேலையில் மிகுந்த ஆர்வம் உள்ளவள்’ என்ற பொருளில் ‘ஸெலஸ்’ என்ற சொல்லைச் சொன்னேன். அது ‘ஜெலஸ்’ என்று வந்துவிட்டது. எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருமே ஜீரோ, ஜூ என்றுதானே சொல்கிறோம்?
மாணவி, பெரம்பூர்

ஆர்வம் பொறாமை ஆகிவிட்டது! அந்த அறையில் உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்மா. இது உங்கள் படிப்பின் குறை இல்லை. ஆங்கிலத்தின் கடைசி எழுத்துக்குத் தமிழில் எழுத்து கிடையாது; கிரந்தத்திலிருந்து வாங்கிய ஜ-வை அதற்கு மாற்றாக வைத்துப் பழகிவிட்டோம்.

ஜ சொல்லும்போது நாக்கு மேலே போய் ஒட்டி, காற்றை அடைத்து, விடுகிறது. ‘ஜ்ஜ்ஜ்’ என்று மூச்சு முடியும்வரை இழுத்துப் பாருங்கள், முடியாது. நமக்கு வேண்டியது இழுக்கக்கூடிய ஒலி. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று வருமே, அதைச் சொல்லுங்கள். நிறுத்தாதீர்கள். நாக்கை இம்மியும் நகர்த்தாமல் அப்படியே குரலை மட்டும் சேர்த்துவிடுங்கள். தோசைக்கல் சத்தம் வண்டு ரீங்காரமாக மாறும். காதை இரண்டு விரலால் அடைத்துக்கொண்டு செய்தால் மண்டைக்குள் ஒரு மோட்டார் ஓடுவதுபோலக் கேட்கும். அந்த வண்டைப் பிடித்துக்கொண்டே ‘ஈரோ’ என்று முடியுங்கள், ஜீரோ சரியாக வந்துவிடும்.

இன்னும் முக்கியமானது, இந்த வண்டு ஒளிந்திருக்கும் இடங்கள். ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ்’, ‘ப்ளீஸ்’, ‘பிகாஸ்’, ‘பிஸி’, ‘ரீஸன்’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, எல்லாவற்றிலும் இருப்பது வண்டுதான், தோசைக்கல் இல்லை. பன்மைக்குச் சேர்க்கும் ஸ்-ஸும் அப்படியே. ‘புக்ஸ்’, ‘கப்ஸ்’ என்பதில் தோசைக்கல். ‘பேக்ஸ்’ என்று பைகளைச் சொல்லும்போதும் ‘ரூம்ஸ்’, ‘டேஸ்’ என்னும்போதும் வண்டு. முன்னால் இருக்கும் ஒலி தொண்டையில் அதிர்ந்தால் பின்னால் வருவதும் அதிரும். ‘ஸெலஸ்’ வருடத்துக்கு ஒருமுறை வரும் சொல். ‘இஸ்’ நிமிடத்துக்கு நாலு முறை வரும். உழைப்பை அங்கே போடுங்கள்.

அடுத்த இன்டர்வியூ இந்த மாதமே என்றால் ‘கீன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். வராத சொல்லைத் தள்ளிவைப்பதில் ஒரு தப்பும் இல்லை. பழகிய பிறகு அந்தச் சொல் உங்களிடமே வந்து சேரும்.

தொப்பியும் ‘கேப்’, வாடகைக் காரும் ‘கேப்’, இடைவெளியும் ‘கேப்’. என் மகன் ஒவ்வொன்றையும் வேறுமாதிரி சொல்கிறான். எனக்கு மூன்றும் ஒன்றாகவே வருகிறது.
வாசகர், தாம்பரம்

மூன்றையும் ஒரே கேள்வியில் கொண்டுவந்துவிட்டீர்களே, நல்ல காது உங்களுக்கு! இடைவெளியைச் சொல்லும் கேப் தொடக்கத்திலேயே வேறு. ‘பங்கு’, ‘தங்கம்’ என்பதில் வரும் அதிரும் க அது. தொப்பிக்கும் காருக்கும் வித்தியாசம் கடைசியில்.

சொல்லின் கடைசியில் ப-வை அதிரவைக்க நாம் படாதபாடு படுகிறோம். பட வேண்டாம். ஆங்கிலம் பேசுபவர்கள் அங்கே பெரிதும் கவனிப்பது அதற்கு முன்னால் இருக்கும் உயிரின் நீளத்தை. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்தோமே, அதையே இங்கே கொண்டுவாருங்கள். தொப்பிக்கு வெடுக்கென்று ஒரு மாத்திரை. காருக்கு இழுத்து இரண்டு மாத்திரை. முதுகைச் சொல்லும் ‘பேக்’ குட்டை, பையைச் சொல்லும் ‘பேக்’ நீளம். ‘பஸ்’ குட்டை, வண்டின் ‘பஸ்ஸ்’ நீளம். இதை மட்டும் செய்தாலே எதிராளி பாதிக்கு மேல் புரிந்துகொள்வார்.

ஒன்றை விட்டுவிட வேண்டும். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் ‘கேப்பு’, ‘பேக்கு’ என்று ஓர் உகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘கேப்’ சொல்லி முடித்ததும் உதட்டைத் திறக்காமல் ஒரு நொடி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உகரம் நுழைய வழி இருக்காது.

என் மகளுக்கு ஏழு வயது. ‘ஷேர் ஆட்டோ’வைச் ‘சேர் ஆட்டோ’ என்கிறாள், ‘ஷிப்’பை ‘சிப்’ என்கிறாள். பள்ளி டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
ஒரு தாய், ஆதம்பாக்கம்

தமிழில் அவள் பேசுவது அக்கம்பக்கத்தாருக்குத் தெளிவாகப் புரிகிறதா? புரிகிறதென்றால் கவலையை விடுங்கள். தமிழே புரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் மட்டும் முதலில் காதைப் பரிசோதித்து, பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

குழந்தை எதையும் தவறாகச் செய்யவில்லை. நம் ச ஒரே எழுத்து, பச்சையில் ஒருவிதம், அஞ்சில் ஒருவிதம், பசியில் ஒருவிதம். ‘ஷ’ மட்டும் அதில் இல்லை, வெளியிலிருந்து வந்தது. அவளுக்கு மூன்று படம் கொடுங்கள் போதும். மிளகாயைக் கடித்தவர் ‘ஸ்ஸ்’ என்கிறார், உதடு பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. தூங்கும் தம்பியை எழுப்பாதே என்று அம்மா ‘ஷ்ஷ்’ என்கிறாள், உதடு குவிந்து முன்னால் நீள்கிறது. மூன்றாவது பச்சை மாங்காய், ‘ச்ச’ என்று நாக்கு ஒட்டி விடுபடுகிறது.

பிறகு தரையில் மூன்று பொருள் வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு காகிதக் கப்பல், ஒரு சிப்ஸ் துண்டு. உறிஞ்சுவதற்கு மிளகாய், கப்பலுக்குத் தூங்கும் தம்பி, சிப்ஸுக்கு மாங்காய். நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள், அவள் ஓடிப்போய் எடுக்கட்டும். நாலைந்து நாள் கழித்து அவள் சொல்லட்டும், நீங்கள் எடுங்கள். இதில் நீங்கள் நேர்மையாக இருக்க வேண்டும். அவள் கப்பலை நினைத்து ‘ஸிப்’ என்று சொன்னால் நீங்கள் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். “அய்யோ அம்மா, அது இல்ல!” என்று கத்திவிட்டு, உதட்டைக் குவித்து மறுபடி சொல்வாள் பாருங்கள், அந்தக் கணத்தில் அவள் கற்றுக்கொள்வதை நூறு முறை திருத்தினாலும் கற்றுத்தர முடியாது. தயவுசெய்து விருந்தாளிகள் முன்னால் அவளைச் சொல்லவைக்காதீர்கள். ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி’ விழுந்ததைச் சொல்லிச் சொல்லித்தானே நாமெல்லாம் ழ-வைப் பிடித்தோம்? அது விளையாட்டாக இருந்ததால்தான் பிடித்தோம்.

எனக்கு வயது 71. நாற்பது வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, பேசி, வேலை பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டு ‘வ’ உண்டு என்று இப்போது பேத்தி திருத்துகிறாள். தமிழில் ஒன்றுதானே?
வாசகர், திருவல்லிக்கேணி

ஐயா, பேத்தி சொல்வது சரி. ஆனால் அவளிடம் சொல்ல உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. பல்லும் இதழும் பொருந்த வகாரம் பிறக்கும் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்லியிருக்கிறது. ஆங்கில ‘வைன்’ இரண்டில் கொடியைக் குறிக்கும் சொல்லுக்கு வேண்டிய ஒலி அதுதான்: மேல்பல் கீழுதட்டில் பதிய வேண்டும். நாம் பேச்சு வேகத்தில் பல்லை உதட்டில் படவிடாமலே வ சொல்லிப் பழகிவிட்டோம். பழைய இலக்கணப்படி சொன்னாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

குடிக்கும் ‘வைன்’ வேறு. அதில் பல்லுக்கு வேலையே இல்லை. ‘ஊ’ என்று உதட்டைக் குவித்துத் தொடங்கி, அங்கிருந்து ‘ஐன்’ என்று விரியுங்கள். கண்ணாடி முன்னால் நின்று ‘வெரி வெல்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் பல் தெரிய வேண்டும், இரண்டாவதில் உதடு குவிய வேண்டும். ஒரு எச்சரிக்கை: புதிதாகக் கற்றவர்கள் ஆர்வத்தில் எல்லாவற்றையும் குவித்து ‘வெரி’யையும் ‘உவெரி’ ஆக்கிவிடுகிறார்கள். அதற்குப் பழைய வழக்கமே மேல்.

காபி குடிக்கப் போகலாமா என்று வெளிநாட்டு மேனேஜரைக் கேட்டேன். எதை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்!
வாசகி, சோழிங்கநல்லூர்

நம் வீட்டுக் காப்பியில் பாண்டி ப இருக்கிறது, அவருக்கு அது நகலாகத்தான் கேட்கும். மேலே ஐயாவுக்குச் சொன்ன பல்–உதடு இடத்திலேயே குரல் இல்லாமல் காற்றை மட்டும் விடுங்கள், ஃப வந்துவிடும். ஜெராக்ஸில் இருப்பதும் வண்டுதான், அதையும் பெரம்பூர் மாணவியோடு சேர்ந்து பழகிக்கொள்ளுங்கள்.

‘தேங்க்ஸ்’, ‘திஸ்’ என்பதற்கு நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்ட வேண்டும் என்கிறார்களே?
வாசகர், அம்பத்தூர்

‘அது’, ‘இது’ என்று இயல்பாகச் சொல்லும்போது வரும் த-வே ‘திஸ்’ஸுக்குப் போதும். ‘தேங்க்ஸ்’ஸுக்கு நாக்கு நுனியைப் பல்லில் அழுத்தாமல் லேசாக வைத்துக் காற்று விட்டால் சரி. நம் த வேறு, ட வேறு என்பதால் எண்ணைச் சொல்லும் ‘த்ரீ’யையும் மரத்தைச் சொல்லும் ‘ட்ரீ’யையும் நாம் குழப்புவதில்லை. இதில் மாதக்கணக்கில் நேரம் செலவிட வேண்டாம்.

போனில் இமெயில் முகவரியைச் சொல்லும்போது பி, டி, வி எல்லாம் குழம்பிவிடுகிறது.
வாசகர், போரூர்

அவர்களுக்கே குழம்பும். எல்லாம் ஈகாரத்தில் முடியும் பெயர்கள். விமானிகளுக்காக 1956-ல் நடைமுறைக்கு வந்த சொல் வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள். பஜார் ப-வுக்குப் ‘பிராவோ’, பாண்டி ப-வுக்குப் ‘பாப்பா’. ‘டெல்டா’, ‘டேங்கோ’, ‘விக்டர்’. கடைசி எழுத்துக்கு ‘ஜூலு’, அதையும் வண்டோடு தொடங்குங்கள்.

தினமும் எவ்வளவு நேரம் பழக வேண்டும்? தனியாக இருப்பவர்கள் யாரிடம் சொல்லிப் பார்ப்பது?
வாசகி, கீழ்ப்பாக்கம்

பதினைந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு வாரத்துக்கு ஓர் இணைதான். திங்கள் பில், செவ்வாய் ஜீரோ என்று தாவினால் எதுவும் ஒட்டாது.

தனியாக இருப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இது. இரவில் ஒரு தாளில் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி, ஒழுங்கில்லாமல் பத்து வரி எழுதுங்கள். போனில் ரெக்கார்டு போட்டு அதே வரிசையில் வாசியுங்கள். தாளை மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் காபி போடும்போது ரெக்கார்டைக் கேட்டு, காதில் விழுவது எது என்று இன்னொரு தாளில் எழுதுங்கள். இரவு எழுதிய வரிசை அதற்குள் மறந்திருக்கும். பத்தும் எழுதி முடித்த பிறகுதான் மடித்து வைத்த தாளைப் பிரிக்க வேண்டும்.